பள்ளிக்கூடத்து மரம்

“புளியமரத்த இஸ்கூலுக்கு வுட்டுட்டு, கொழம்புல இன்னா பாப்பா கரைப்பீங்க? பூதக்கண்ணாடியா?” என்று மாமா சிரித்தார்.

இன்று வகுப்பறைக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றினோம். அந்தச் சூடான வாசனையில் அவர் சிரிப்பு மறுபடி கேட்டது. நான் இங்கே படித்தபோது எங்கள் அறிவியல் மன்றத்துக்குப் பூதக்கண்ணாடி வாங்க, வீட்டுக்கொரு மரத்தின் புளியைக் கேட்டிருந்தோம். அம்மாவோ, இருப்பதிலேயே நன்றாகக் காய்க்கும் மரத்தில் சுண்ணாம்பால் வளையம் போட்டு, “இது பள்ளிக்கூடத்துது” என்றாள். புளி எங்கள் மலையிலிருந்து போளூர்ச் சந்தைக்கு இறங்கியது, கண்ணாடி மலைக்கு ஏறி வந்தது.

ஒருநாள் மாமா நொண்டிக்கொண்டு வந்தார்.

“பாப்பா, அந்தக் கண்ணாடிய எடுத்துக்கினு வா. கால்ல முள்ளு.”

நான்தான் பார்த்து எடுத்தேன். அடுத்த காய்ப்புக்கு அவர் மரத்திலும் வளையம் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். இப்போது அதே பள்ளியில் டீச்சர். மன்றத்துப் பிள்ளைகள் நுண்ணோக்கி கேட்கிறார்கள். மீந்த சுண்ணாம்பை எடுத்துப்போய், என் பங்கு மரத்தில் வளையம் போட்டுவிட்டு வந்தேன்.