ஸ்பிரிட் துணி

கிருமி வளர்க்கிற இடத்தில் சுத்தக்காரனாக இருப்பதைவிடப் பெரிய குற்றம் வேறில்லை. இது தெரிந்தும் இருபத்திரண்டு வருடம் ஆய்வக உதவியாளராகக் காலம் தள்ளிவிட்டார் ‘பளபளா’. பட்டப்பெயர் மனைவி வைத்தது. வீட்டில் ஒரு தம்ளர்கூட ஈரத்தோடு அவர் கண்ணில் பட்டுத் தப்பியதில்லை.

ஆய்வகத்தில் உலோகத் தகடுகளுக்கு ஒரு கறுப்புப் பூச்சு தயாரித்துக்கொண்டிருந்தார்கள். பூச்சு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத முட்கள். கிருமி வந்து உட்கார்ந்தால் முள் குத்தியே சாகவேண்டும், மருந்து வேண்டாம். பூசிய தகடு ஆறு, பூசாதது ஆறு. எல்லாவற்றிலும் கிருமியை விட்டு மறுநாள் எண்ணவேண்டும். அந்த மறுநாள் காலையில், கறுப்புத் தகடுகளில் விரல்தடம் தெரிந்தது. புத்தி விழிப்பதற்குள் கை, கிருமியைக் கொல்லும் ஸ்பிரிட்டில் நனைத்த துணியை எடுத்து ஆறையும் துடைத்துவிட்டது.

எண்ணினார்கள். பூசாததில் கிருமி ஈசல்போல. பூசியதில் ஒன்றுகூட இல்லை. தலைமை விஞ்ஞானி அம்மாள் துள்ளிக் குதிக்காத குறை. இவர் வாயைத் திறந்தார். அதற்குள் எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். கைதட்டலுக்கு நடுவில் உண்மை பேசுவது மரியாதையில்லை என்று பட்டது. அந்த மரியாதை பத்து நாள் நீடித்தது.

பதினோராம் நாள் அம்மாள் சொன்னார்: “அண்ணே, குழந்தைங்க வார்டுல கட்டில் கம்பிக்கெல்லாம் நம்ம பூச்சுதான்! இனிமே தினம் துடைக்கவே வேணாம்னு ஆஸ்பத்திரிக்கு எழுதிட்டேன்.”

அன்று ராத்திரி வீட்டில், துடைத்த தம்ளரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, பால் குடிச்ச பூனையாட்டம் முழிக்கிறீங்க?” என்றாள் மனைவி. விஷயத்தைச் சொன்னார்.

“ஊர்ல அவனவன் துடைக்காம திட்டு வாங்குறான். துடைச்சு மாட்டினது நீங்க ஒருத்தர்தான்! புள்ளைங்க வாய் வைக்கிற கம்பிங்க அது. நாளைக்கே போய்ச் சொல்லுங்க.”

சொன்னார். அம்மாள் எண்ணிக்கை எழுதிய நோட்டை மூடிவைத்தார். பிறகு, “அப்போ நாங்க கைதட்டினது உங்க துணிக்கா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு வேலையை நிறுத்தச் சொன்னார்.

மறுபடியும் ஆறும் ஆறும். கறுப்புத் தகட்டில் மறுபடியும் விரல்தடம். இந்தத் தடவை அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நூற்றுக்கு எழுபது கிருமி செத்திருந்தது. முப்பது சுகமாக இருந்தது.

‘பூச்சு இருந்தாலும் தினமும் துடைக்கவேண்டும்’ என்று திருத்திய கடிதத்தை டைப் அடிக்க அவரிடமே கொடுத்தார்கள். அந்த வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டார். அம்மாள் அதைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அண்ணே என்று கூப்பிடவில்லை.