வாயாடி எடுத்த துணைப்பாடம்

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது அவளுடைய அண்ணன். விரல்களை உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, வாத்து அலகு மாதிரி திறந்து திறந்து மூடினால் அது அவள். காது கேளாதவர்கள் தங்களுக்கு வேண்டியவர்களை எழுத்தெழுத்தாகப் பெயர் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். கையாலேயே ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். வகுப்பில் நாங்கள் அதை அப்படியே வாயாடி என்றோம். எனக்கும் அவர்தான் வைத்தார். உள்ளங்கையில் கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை மூடினால் நான், தூங்குமூஞ்சி. அவர் என்னை முதலில் பார்த்த அன்று எனக்குக் காய்ச்சல் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

நாங்கள் படித்தது சைகை மொழிபெயர்ப்பில் பட்டப்படிப்பு. காது கேளாதவர் கையால் சொல்வதை வாயால் சொல்ல வேண்டும், கேட்கிறவர் வாயால் சொல்வதைக் கையால் சொல்ல வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். சொன்னதை முழுதாகச் சொல், சொல்லாததைச் சேர்க்காதே, உன் கருத்தை வீட்டில் வைத்துவிட்டு வா என்ற மூன்றையும் வைத்தே மூன்று வருடம் எங்கள் உயிரை எடுத்தார்கள்.

ஏன் இந்தப் படிப்பு என்று முதல் நாள் எல்லாரையும் கேட்டார்கள். நான் ஏதோ சேவை, சமூகம் என்று உளறிவைத்தேன். வாயாடி சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "வீட்ல எல்லாரும் பேசிச் சிரிப்பாங்க. அண்ணன் என்னன்னு கேட்பான். அப்புறம் சொல்றேன்னு கையைக் காட்டுவாங்க. அந்த அப்புறம் வந்ததே இல்ல. நான் மட்டும்தான் அவனுக்கு உடனே சொல்வேன்."

இரண்டாம் வருடம் துணைப்பாடம் ஒன்று எடுக்க வேண்டும். உளவியல், இலக்கியம், கணினி, வணிக நிர்வாகம் என்று நான்கு இருந்தன. நான் உளவியல் எடுத்தேன், சுலபம் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். வாயாடி யோசிக்கவே இல்லை, வணிக நிர்வாகத்துக்குக் கை தூக்கினாள். எங்கள் துறைத்தலைவிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏம்மா, உனக்கு உளவியல் சரியா இருக்குமே?"

"அண்ணன் கடை வச்சிருக்கான் மேடம். அவனுக்கு உதவும். நாளைக்கு ஆபீஸ் கூட்டத்துக்கெல்லாம் மொழிபெயர்க்கப் போனா எனக்கும் உதவும். லாப நஷ்டம் தெரியாம லாப நஷ்டத்தை எப்படி மொழிபெயர்க்கிறது?"

நியாயமான பேச்சுதான். மேடம் மட்டும் விடவில்லை. "அங்க உன் பக்கத்துக்குப் பேசக் கத்துக்குடுப்பாங்க. இங்க உனக்குப் பக்கமே கிடையாதுன்னு நாங்க கத்துக்குடுக்கிறோம். ரெண்டையும் ஒரே நேரத்துல தூக்கிட்டு நடக்கணும், பார்த்துக்கோ" என்றார். வாயாடி பலமாகத் தலையாட்டினாள். தலையாட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பாடத்தில் அவள் வெளுத்து வாங்கினாள். பேரம் பேசும் பயிற்சியில் அவளுக்கு எதிரே உட்கார வணிக மாணவர்களே பின்வாங்கினார்கள். ஒரு கடையை ஆராய்ந்து கட்டுரை எழுது என்றபோது அண்ணன் கடையை எடுத்துக்கொண்டாள்.

அண்ணனுடையது பிரேம் கடை. புகைப்படம், ஓவியம், பட்டச் சான்றிதழ் எது கொடுத்தாலும் மரச்சட்டம் அறுத்து, கண்ணாடி வெட்டி, மாட்டித் தருவார். பெரிய சாலையைப் பார்த்த முன்னறை. இடம் குறுகல் என்பதால் வேலை மேசை சுவரோடு ஒட்டியிருக்கும், அவர் வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். யாராவது கதவைத் திறந்தால் எரிய ஒரு விளக்கும், பின்னால் வருகிறவரைக் காட்ட ஒரு கண்ணாடியும் வைத்திருந்தார். சாலையில் போகிறவர்கள் நிறையப் பேர் சும்மா உள்ளே வந்து போவதைப் பார்த்துவிட்டு, கடையின் மிகப் பெரிய பலம் அதன் முகப்பு என்று வாயாடி எழுதினாள். முதல் மதிப்பெண் கிடைத்தது. அந்தக் கட்டுரைக்காக அண்ணனிடம் அவள் என்னென்னவோ கேட்டாள். முன்னறை பிடித்திருக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் கட்டட ஓனர் அண்ணனைப் பேச அழைத்தார். மொழிபெயர்க்கக் கல்லூரியிலிருந்து ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று நான் சொன்னேன். "வீட்ல ஆள் இருக்கும்போது வெளியில எதுக்குடி?" என்று அவளே கிளம்பினாள். நான் அங்கே இல்லை. நடந்ததைப் பிறகு அண்ணன் தங்கை இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தன, ஆளுக்கொரு கதை சொல்லியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

ஓனர் சொன்னது இவ்வளவுதான். பின்னால் பெரிய அறை காலியாகிறது. தையற்காரம்மா ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய ஆள் என்பதால் முதலில் உங்களைக் கேட்கிறேன், முன்னறையிலேயே இருக்கிறீர்களா, பின்னறைக்குப் போகிறீர்களா?

வாயாடி இதைக் கையில் சொல்லவே இல்லை. அண்ணனைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னறையை அதிக வாடகைக்கு விடப் பார்க்கிறார் என்று அவள் மண்டையில் மணி அடித்துவிட்டது. எதிராளிக்கு யோசிக்க நேரம் கொடுக்காதே என்று அந்த வாரம்தான் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். "முன்பக்கத்தை நாங்க விடறதா இல்ல சார்" என்று தொடங்கியவள் நிறுத்தவில்லை. இரண்டு பேர் வாயும் மாறி மாறி அசைவதை அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கையின் கைகள் மடியில் கிடந்தன. மேசையைத் தட்டி என்ன என்று கேட்டார். அவள் திரும்பாமலேயே ஒரு கையை மட்டும் தூக்கினாள்.

"இரு. அப்புறம் சொல்றேன்."

எழுதும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது. வேறு யார் அந்தச் சைகையைக் காட்டியிருந்தாலும் அவர் பொறுத்திருப்பார். பழகிப்போனதுதானே.

ஓனருக்கு ஒரு திட்டமும் இல்லை, பாவம். "சரிம்மா, இருக்கட்டும், எதுக்கு இவ்வளவு கோபம்?" என்று அங்கேயே போனை எடுத்து, பின்னறை உங்களுக்குத்தான் என்று தையற்காரம்மாவிடம் சொல்லிவிட்டார். வாயாடி வெற்றி முகத்தோடு அண்ணன் பக்கம் திரும்பி, எல்லாவற்றையும் கையில் சொன்னாள். அண்ணன் எழுந்து வெளியே போனார்.

பின்னறை காலியாகப்போவது அண்ணனுக்கு முன்பே தெரியும், அவர் கேட்க நினைத்து வந்ததே அதைத்தான். அங்கே மேசையை நடுவில் போட்டு வாசலைப் பார்த்து நிற்கலாம். கண்ணாடியைக் கையில் வைத்திருக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஆள் வந்து திடுக்கிட வேண்டாம். அவரிடம் வேலை கொடுக்கிறவர்கள் எல்லாம் தெரிந்தவர் சொல்லி வருகிறவர்கள், அவர்கள் எங்கிருந்தாலும் தேடி வருவார்கள். சாலையிலிருந்து சும்மா நுழைகிறவர்களைப் பற்றி பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "உள்ள வந்து ஏதோ கேட்பாங்க. எனக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சதும் ஒரு மூஞ்சி காட்டுவாங்க பாரு, பரவாயில்ல பரவாயில்லன்னு கையை ஆட்டிட்டுப் போயிடுவாங்க. தினமும் அந்த மூஞ்சியப் பார்க்க எனக்கு என்ன தலையெழுத்தா?"

வாயாடி கட்டுரையில் பலம் என்று எழுதியது அந்த மூஞ்சிகளைத்தான்.

சில நாள் கழித்து விஷயம் தெரிந்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தையற்காரம்மாவிடம் ஓடினாள். "இத்தனை மிஷினையும் இறக்கியாச்சு. திரும்பத் தூக்கிட்டு நான் எங்கம்மா போவேன்?" என்றார் அவர். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு அண்ணன் அவளிடம் சைகையில் பேசுவதை விட்டுவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் போனில் தட்டச்சு செய்து அவள் முகத்துக்கு நேரே நீட்டுவார், பேங்க் கவுண்டரில் நீட்டுகிற மாதிரி. சாப்பாட்டு மேசையில் அம்மா, அப்பா முன்னாலேயே நீட்டுவார். அவர் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். என் விடுதி அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து, "அவனுக்கு நானும் ஊர்ல யாரோ ஒருத்தி ஆயிட்டேன்டி" என்று அழுதாள்.

துணைப்பாடத்தை விட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். மேடம் சொன்னது சரி, இரண்டும் ஒத்துப்போகாது, இனி நான் மொழிபெயர்ப்பாளர் மட்டும்தான் என்று வீட்டில் போய் அறிவித்தாள், அண்ணனுக்கும் கையில் சொன்னாள். அவர் போனை எடுத்தார், பிறகு கீழே வைத்தார். அத்தனை நாளுக்குப் பிறகு அவர் கை அவளுக்காக எழுந்தது.

"பாடம் என்ன பண்ணுச்சு? பண்ணது நீ."

அவர் கை அதோடு நிற்கவில்லை.

"படிச்சு முடி. வியாபாரம் தெரிஞ்ச ஆள் எனக்கு வேணும். சும்மா ஒரு வார்த்தைக்கு யோசனை கேக்க வேற யார் இருக்கா? ஆனா ஓனர் முன்னாடி எனக்குக் கையா வர்றது வேற ஆளா இருக்கட்டும். அந்தத் தூங்குமூஞ்சியக் கூப்பிடு."

அப்படித்தான் எனக்கு முதல் வேலை கிடைத்தது. முன்னறையிலேயே இருந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டதால், இருட்டடித்துக் கிடந்த பக்கச் சுவரில் ஒரு சன்னல் வைத்தால் வெளிச்சம் வரும், மேசையை அங்கே திருப்பிப் போட்டு வாசலைப் பார்த்து வேலை செய்யலாம் என்று அண்ணன் கண்டுபிடித்திருந்தார். அதற்கு ஓனர் சம்மதிக்க வேண்டும். நான் ஓனருக்குப் பக்கத்தில், அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தேன். வாயாடி அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு.

ஓனர் பழக்க தோஷத்தில் அவளைப் பார்த்தே பேசினார். "என்னம்மா, சண்டைக்குத் தயாரா?"

அவள் அண்ணனைக் காட்டினாள். "அவர்கிட்ட பேசுங்க சார்."

சன்னல் வைக்க ஓனருக்கு மறுப்பில்லை. "ஆனா தம்பி, சுவரை உடைக்கிறது, திரும்பப் பூசுறது எல்லாம் உங்க செலவு" என்றார். நான் கையில் சொன்னேன். அண்ணன் யோசித்தார். பக்கத்தில் வாயாடியின் கால் தரையைத் தட்டத் தொடங்கியது. அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும்: கட்டடம் அவருடையது, சன்னல் அவருக்கே மிஞ்சும் சொத்து, முழுச் செலவையும் அவர் தலையில் கட்டலாம், இரண்டு வாக்கியம் போதும். அவள் நாக்கு துடித்தது. கடைசியில் தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்து அண்ணனிடம் கேட்டாள்.

கையில் வந்ததை வாயில் சொல்வதுதானே என் வேலை. "நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றேன்.

ஓனர் என்னைப் பார்த்தார். "தாராளமா சொல்லும்மா."

"கேட்டது நான் இல்ல சார், அவங்க. அவங்க அண்ணன்கிட்ட கேக்கறாங்க."

அண்ணன் தங்கையை நன்றாகப் பார்த்தார். அவர் கைகளை நான் குரலாக்கினேன். "வேண்டாம். நானே பேசுறேன்."

அவள் கைகள் திரும்பத் தொடைக்கு அடியில் போயின. அண்ணன் பேரம் பேசினார். எனக்கே பொறுக்கவில்லை, கேட்க வேண்டியதை விட்டார், விடக்கூடாத இடத்தில் சிரித்தார். பாதிச் செலவு ஓனருடையது, பாதி அவருடையது என்று முடிந்தது. கை குலுக்கிக்கொண்டார்கள்.

தெருவுக்கு வந்ததும் அண்ணன் தங்கையை நிறுத்திக் கேட்டார். "நீ பேசியிருந்தா எவ்வளவு வாங்கியிருப்ப?"

அவள் என்னைப் பார்த்தாள். இதில் எனக்கு வேலை இல்லை. "முழுசும்" என்று கையில் சொன்னாள், ஒளிக்காமல்.

"தெரியும்" என்றார் அவர். "பரவாயில்ல. இது நான் பேசி வாங்கினது."

வாயாடி நடுத்தெருவில் நின்று, போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்க, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். அண்ணன் அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் முடிக்கும்வரை நின்றார்.