ஒரு தலை, மூன்று நேர்த்திக்கடன்

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பார்கள். எங்கள் மாரி-ரோஸ் அக்காவைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். சைகோன் மாரியம்மன் கோயில் வாசலில் மல்லிகை விற்கிற கிறிஸ்தவச்சி அவள். அப்பா காரைக்காலிலிருந்து வந்து பிரெஞ்சுக்காரன் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். புருஷன் லூயி பட்டாளத்துக்காரன், எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான். ஊர் கம்யூனிஸ்டுகளிடம் கைமாறியபோது பிரெஞ்சுக் காகிதம் வைத்திருந்த நம்மவர்கள் மூட்டை கட்டினார்கள். அக்காவையும் கூப்பிட்டார்கள். மாலை பாதியில் நிற்கிறது, முடித்துவிட்டு யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அம்மனுக்கு அத்தனை வருஷம் பூக் கட்டியவள், கோயில் வாசற்படியைத் தாண்டியதே இல்லை. அது உங்கள் வீடு என்பாள். உள்ளே கூட்டிப் பெருக்குகிற எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அவளுடைய ஒரே மகன் அகுஸ்தேன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நாட்டை விட்டுப் படகேறிப் போய்விட்டான். யார் கரை சேர்ந்தார்கள், யாரைக் கடல் கொண்டுபோனது என்று தெரியாத காலம் அது. மாதக்கணக்கில் செய்தி இல்லை. அப்போதுதான் அக்கா படியைத் தாண்டினாள். இந்த ஊர் வியட்நாம்காரிகள் செய்வதைப் போலவே கோயிலின் பின்சுவரில் நெற்றியை வைத்துக் கல்லோடு பேசினாள். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. மகன் உயிரோடு இருந்தால் தலைமுடி முழுவதையும் தருவதாக வேண்டிக்கொண்டாள்.

ஒரு காலையில் பென்-தான் சந்தையில் காப்பி விற்கிற பெண் ஓடி வந்தாள். அவள் தம்பியும் அதே படகில் போனவன். மலேசியாவில் ஓர் அகதி முகாமிலிருந்து தந்தி அடித்திருந்தான். அகுஸ்தேனும் அங்கேதான் இருக்கிறானாம், நலமாம். அக்கா பூக்கூடையை உதறிவிட்டுத் தெருவிலேயே குதித்தாள். நானும் குதித்தேன். எனக்கு அப்போது மூட்டுவலி வேறு.

மசூதிச் சந்தில் தையல் மெஷின் வைத்திருக்கும் பரிதாவுக்கு எப்படியோ சேதி போய், அவளும் மூச்சிரைக்க வந்து நின்றாள். நாகூர்க் குடும்பத்துப் பெண்.

"நாகூர் ஆண்டவர் கைவிடல பாத்தியா அக்கா. மொட்டை எப்ப?"

மொட்டை அம்மனுக்கு என்றேன் நான். ஆண்டவருக்கு என்றாள் அவள். என் காதால் கேட்டேன் என்றேன். என் வீட்டில் வந்து அழுதாள் என்றாள். இருவரும் திரும்பினால், அக்கா சிந்திய பூவின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"வேளாங்கண்ணி மாதாகிட்டயும் சொல்லிட்டேன்டி."

"முழுத் தலையுமா?"

"முழுத் தலையுந்தான்."

எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. காரைக்காலுக்குத் தெற்கே நாகூர், அதையும் தாண்டினால் வேளாங்கண்ணி, அம்மனோ தெருவுக்குத் தெரு. எல்லா இடத்திலும் மொட்டை போடலாம். நீ யார், எந்த மதம் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். விவரமானவர்கள் சாமிக்கு ஒரு வருஷம் என்று தள்ளித்தள்ளி வேண்டிக்கொள்வார்கள். இவள் இருக்கிற ஒரு தலையை மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன். உன் மாதா போதாதென்றா இங்கே வந்தாய் என்று கேட்டேன்.

"நம்ம மாதாவுக்கு நம்ம லட்சணம் தெரியும் ஜெயம். எத்தனை தடவை சொல்லி ஏமாத்தியிருக்கேன். அடுத்த வீட்டுச் சாமின்னா வந்த மனுஷிக்கு மரியாதை பாக்கும்ல?"

நான் சிந்திய பூவைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

முடி வளரட்டும், அடுத்த வருஷம் அடுத்தவருக்கு என்றாள் பரிதா. அக்கா ஒப்பவில்லை. அகுஸ்தேனை எந்த நாடும் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. நாம் காக்க வைத்த சாமி அவனையும் முகாமிலேயே காக்க வைத்துவிட்டால்? எல்லாருக்கும் இன்றைக்கே கொடுத்துவிட வேண்டும் என்று அழுதாள்.

யோசனை என்னுடையது. முடியைப் பங்கு போட்டுவிடலாம் என்றேன். கோயில் மதிலில் கண்ணாடி மாட்டி முடி வெட்டுகிற லாம் அண்ணனைக் கூப்பிட்டோம். புத்தர் கோயிலுக்குப் போகிறவர், வாய் திறந்து பேசாத மனுஷர். அவர் தலையில் மருந்துக்கும் முடி கிடையாது, அதை வைத்துத் தெருவே கேலி செய்யும். விஷயத்தைச் சொன்னதும் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

வலப்பக்கம் யாருக்கு என்று ஒரு சண்டை. நான்தான் ஜெயித்தேன். அம்மன் சுவருக்கு முன்னால் வலப்பக்கம் இறங்கியது. அப்புறம் சிக்லோ என்கிற சைக்கிள் ரிக்‌ஷா இரண்டு. முன்வண்டியில் பரிதாவும், பாதி மொட்டையோடு அக்காவும், அக்கா மடியில் பரிதாவின் தையல் பை. பின்வண்டியில் நானும் லாம் அண்ணனும். தெருவில் சைக்கிள்கள் நின்றுவிட்டன. ஒரு நூடுல்ஸ் கடைக்காரி அகப்பையோடு பின்னால் ஓடி வந்தாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் போலீஸ்காரனை மிஞ்ச முடியாது. ஒருவன் வழிமறித்தான். என்ன கூட்டம், என்ன சடங்கு என்று அதட்டினான். லாம் அண்ணன்தான் வாய் திறந்தார். பேன் என்றார். போலீஸ்காரன் தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனான்.

தான்-டின் தேவாலயத்தில் மாதா சிலைக்கு எதிரே இடப்பக்கம் போனது. அக்கா மாதா பாட்டுப் பாடினாள். கடைசியாகப் பரிதா வீடு. சுவரில் நாகூர் மினாராக்களின் படம், அதன் மேல் பச்சைத் துணி, ஊதுபத்தி. நடுப்பங்கு ஆண்டவருக்கு. லாம் அண்ணன் உச்சியிலிருந்து வழித்துக்கொண்டே வந்தார். பிடரிக்கு மேலே ஒரு கை அகலம் மிச்சமிருக்கும்போது கத்தி நின்றுவிட்டது.

இன்னும் முடியவில்லையே என்றேன். அவர் தாழ்ந்த குரலில் வியட்நாமியத்தில் பேசினார். அவர் மகளும் போன மழைக்காலத்தில் படகேறிப் போனவளாம். இன்றுவரை செய்தி இல்லையாம். கருணைத் தெய்வமான குவான் ஆம் தாயாருக்குக் கொடுக்கத் தன் தலையில் ஒன்றுமே இல்லை, இந்தக் கொஞ்சத்தை மட்டும் தனக்குத் தர முடியுமா என்று கேட்டார்.

ஒரே தெருவில் இத்தனை நாள் இருக்கிறோம், அவருக்கு ஒரு மகள் இருப்பதே எனக்குத் தெரியாது. ஆனாலும் அது ஆண்டவர் பங்காயிற்றே என்று பரிதாவைப் பார்த்தேன்.

"குடுங்க அக்கா," என்றாள் பரிதா. "ஆண்டவர் அளந்து பாக்கமாட்டார்."

அக்கா தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டாள். பெயர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும், பிள்ளையின் பெயர் என்ன என்று அவரிடம் கேட்டாள். துயெத் என்றார் அவர். நாங்கள் மூவரும் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னோம், எந்தச் சாமிக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று. லாம் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் அக்கா தலையில் கத்தியை வைத்தார்.