அட்லஸுக்குப் பின்னால்

அந்த மூன்று மாடிப் புத்தகக் கடையில் கூட வேலை பார்த்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘திசைகாட்டி’. எந்தப் புத்தகத்தைக் கேட்டாலும் கணினியைத் தட்டாமல் நேராகப் போய் எடுத்து வருவாள். வீட்டில் கதையே வேறு. “நாப்பதாயிரம் புத்தகம் இருக்கிற இடம் தெரியும். தீப்பெட்டி எங்கன்னு கேட்டா முழிப்பா,” என்று எலெக்ட்ரீஷியனான அவள் கணவர் கேலி செய்வார். அவளும் சிரிப்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் சேர்த்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான்.

ஊருக்கு ஊர் கிளை பரப்பியிருந்த கம்பெனி, ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் அட்டையைப் படம் எடுத்து, அங்கேயே நின்று போனில் ஆர்டர் போட்டுவிட்டு, “டாய்லெட் எந்தப் பக்கம்?” என்று அவளைக் கேட்டார்கள். அதற்கும் வழி காட்டினாள்.

வாங்காமல் படிக்கிறவர்களில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர்மேல் மட்டும் அவளுக்குத் தனிப் பிரியம். தினமும் மதியம் ஜன்னலோரம் நின்று ஒரு தடித்த நாவலைப் பத்துப் பத்துப் பக்கமாகப் படிப்பார். நிறுத்திய இடத்தில் பழைய பஸ் டிக்கெட் ஒன்றைச் செருகிவிட்டுப் போவார்.

“கண்ணு ஆபரேஷன்மா,” என்றார் ஒருநாள். “ஒரு மாசம் படிக்கக் கூடாதாம். இன்னும் கொஞ்சந்தான் பாக்கி. வித்துடாதீங்க.”

“நான் இருக்கேன்ல. போயிட்டு வாங்கய்யா.”

இருந்தது ஒரே பிரதி, மறுபதிப்பும் இல்லை. அவளே வாங்கி வைத்திருக்கலாம். தன் ஞாபகத்தின்மேல் இருந்த நம்பிக்கையில், கீழ்த்தளத்தில் யாரும் தொடாத அட்லஸ் வரிசைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

இரண்டு வாரத்தில் கடையை மூடும் உத்தரவு வந்தது. தள்ளுபடி என்றதும், உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காத சொந்தமெல்லாம் சாவுக்கு வருவதுபோல் கூட்டம் வந்தது. ஒளித்து வைத்ததைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று அவள் விட்டுவைத்தாள்.

விற்காதவற்றின் அட்டையை மட்டும் கிழித்து, விற்கவில்லை என்பதற்குச் சாட்சியாகத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மீதி, கூழாக்கும் ஆலைக்கு. கடைசி நாள் காலையிலிருந்து கிழித்தாள். முதல் பத்துக்கு அழுகை வந்தது. நூறு தாண்டியபின் கை தானாக ஓடியது. என்ன புத்தகம் என்றுகூடப் பார்க்கவில்லை.

லாரி போனபிறகு பெருக்கும்போது, அட்டை கிழித்த மேஜைக்கடியில் அந்த பஸ் டிக்கெட் கிடந்தது.

கீழே ஓடினாள். அட்லஸ் வரிசை காலியாக இருந்தது.

“ஒரு நாவல் அங்க தப்பா இருந்துச்சுக்கா,” என்றாள் கல்லாவில் இருந்தவள். “நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி அதோட இடத்துல கொண்டுபோய் வெச்சுட்டேன்.”

அப்போதுதான் பாதி இறக்கிய ஷட்டருக்கடியில் குனிந்து, கறுப்புக் கண்ணாடியோடு டிரைவர் உள்ளே வந்தார். மறைக்காமல் சொன்னாள்.

“என் கையாலயே கிழிச்சிருக்கேன்யா.”

அவர் டிக்கெட்டை வாங்கிக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

“போகட்டும்மா. எங்கயாவது பழசு கிடைச்சா, விட்ட இடத்துலேர்ந்து படிச்சுக்கிறேன்,” என்றார். “இது எந்தப் பக்கத்துல இருந்துச்சு?”

திசைகாட்டிக்குத் தெரியவில்லை.