சுரண்டியின் கையெழுத்து

ஒரு ஜோடி ரப்பர் கையுறை, புகையை வெளியே தள்ளும் ஒரு விசிறி, உள்ளே தாழ்ப்பாள் போட முடிகிற ஒரு கழிப்பறை. கார் சக்கரங்களுக்குப் பவுடர் கோட்டிங் போடும் அந்தப் பட்டறையில், அக்கா வீட்டில் தங்கி வேலைக்கு வரும் தங்கை ஒற்றை ஆளாகச் சண்டை போட்டு ஜெயித்தவை இவை. அலுமினியச் சக்கரங்களில் மருந்து தடவிப் பழைய பெயிண்டை உரிப்பது அவள் வேலை. அவளுக்குச் சுரண்டி என்று பெயர் வைத்த மேஸ்திரிக்கு, வாயாலேயே பட்டறை நடத்துவது வேலை.

உரித்த சக்கரத்தில் தொங்கும் சீட்டில், கோழி கிளறியதுபோல் மேஸ்திரி ஒரு கையெழுத்துப் போட்டால்தான் அது பவுடர் பூசிச் சுடும் அடுப்புக்குப் போகும். ஒருநாள், "இன்னும் முடியலண்ணே" என்று அவள் சொல்லச் சொல்ல, ஒரு காரின் சக்கரங்களுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். நான்கு சக்கரங்களும் போல்ட் துளைகளைச் சுற்றி அம்மை போட்டதுபோல் கொப்புளித்து வந்தன.

"சுரண்டி ஒழுங்கா சுரண்டல மொதலாளி," என்றார் கூசாமல்.

"சீட்டுல யாரு கையெழுத்துண்ணே இருக்கு? இனிமே நான் உரிச்சதுக்கு நானே போடுறேன்."

"கைநாட்டுக்குக் கையெழுத்து கேக்குதாம்," என்று இளித்தார் மேஸ்திரி.

முதலாளி இளிக்கவில்லை. "போடத் தெரிஞ்சா போடும்மா."

அந்த வாரம் முழுக்க அக்காவின் சமையலறைத் தரையில் சாக்பீஸால் எழுதி எழுதி அழித்தாள். பிறகு ஒரு காலை, ஒவ்வொரு துளைக்குள்ளும் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, மேஸ்திரி பார்த்துக்கொண்டிருக்கவே சீட்டில் தன் பெயரைப் போட்டாள். அவள் போட்ட முதல் கையெழுத்து அது. தேதி, 2014 மார்ச் 11.