மதகில் அடித்த ஆணி

வீதிக் கந்தோரின் இஞ்சினியர் ஹிமாயா கம்பியைப் பார்ப்பதற்கு முன் யாரோடும் கதைக்க மாட்டாள். மாவடிப்பள்ளி வயலுக்கு நடுவே, புதிய வீதிக்காக மண் கொட்டி உயர்த்திய கட்டின் அடியில், களிமண்ணின் மேல் ஓர் இரும்புத் தகடு புதைந்திருக்கிறது. அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி எத்தனை மில்லிமீற்றர் இறங்கியது என்று காலை ஏழு மணிக்கு அளந்து கொப்பியில் எழுதுவாள். பிறகுதான் சலாம், தேத்தண்ணி எல்லாம்.

களி இறுகி அடங்க நூற்றுப்பத்து நாள் வேண்டும் என்று கணித்தவள் அவள்தான். இந்த விஷயத்தில் அவள் சூடுகண்ட பூனை. வயலை நிரப்பி, கலியாணத்துக்கென்று நாலே மாதத்தில் வாப்பா கட்டிக்கொடுத்த வீடு கல்முனையில் வெடித்து நிற்கிறது. வெடிப்பின் குறுக்கே திகதி எழுதிய கடதாசித் துண்டுகளை ஒட்டி, கிழிகிறதா என்று பார்ப்பாள். "வீட்டுக்கும் பிளாஸ்டரா?" என்று புருஷன் ஸப்ரி சிரிப்பான்.

இன்று அறுபத்தெட்டாம் நாள். கம்பி அசையாமல் பன்னிரண்டு நாளாகிறது. கொந்தராத்துக்காரரின் இஞ்சினியர் நல்லரெத்தினம், களி இறுகிவிட்டதென்று அவள் ஒப்பமிட வேண்டிய படிவத்தோடு வந்து நிற்கிறார். நாளைக்குத் தார்க் காபட் போடும் மெஷின் வரும். பேனையின் மூடியைக்கூடக் கழற்றிவிட்டார்.

"களி இறுகிற்று, பிள்ள. மாரி வரப்போகுது. ஒரு கையெழுத்துத்தானே?"

"நாளுக்கு ரெண்டு மில்லி இறங்கின களி டக்கெண்டு நிக்காது, சேர். குறையக் குறையத்தான் நிக்கும்."

அவளுடைய சந்தேகம் வேறொன்றின் மேல். அசையாது என்று நம்பி எதோடு ஒப்பிட்டுக் கம்பியை அளக்கிறார்களோ அந்த ஆணி முதலில் தூரத்துப் பழைய பாலத்தில் இருந்தது. அங்கிருந்து தினமும் அவ்வளவு தூரம் அளந்து வரப் பஞ்சிப்பட்டு, போன மாதம் பக்கத்து மதகில் புது ஆணி அடித்தவள் இவளே. பன்னிரண்டு நாளைக்கு முன்புதான் அந்த மதகோடு அணைத்துக் கிறவல் மண் கொட்டினார்கள்.

"றஸாக் காக்கா, அளவுகோலத் தூக்குங்க. பழைய பாலத்துக்குப் போவம்," என்று அளக்க உதவும் ஆளைக் கூப்பிட்டாள்.

வெயில் ஏறுமட்டும் அளந்தார்கள். நல்லரெத்தினம் மணிக்கூட்டைப் பார்த்தபடி பின்னாலேயே வந்தார். இந்தப் பன்னிரண்டு நாளில் மதகும் கட்டும் கூட்டுச் சேர்ந்து பத்தொன்பது மில்லிமீற்றர் இறங்கியிருந்தன. ஆணியும் கூடவே இறங்கினால் கம்பி நிற்பதுபோலத்தானே தெரியும்!

ஹிமாயாவின் காது சுட்டது. வெட்கமும் பயமும்தான். கையெழுத்து வைத்திருந்தால் முதல் மாரியிலேயே வீதி பிளந்திருக்கும்.

நல்லரெத்தினம் குரலைத் தணித்தார். "ஆணி மாத்தின கதை ஒருத்தருக்கும் தெரியாது. கந்தோருக்குத் தெரிஞ்சா உங்கட வேலைக்குத்தான் ஆபத்து, பிள்ள. யோசிங்க."

"யோசிச்சிட்டன், சேர். அந்தப் பேனையத் தாங்க."

அவர் முகம் மலர்ந்து நீட்டினார். அவள் படிவத்தைத் தொடவில்லை. கொப்பியை மடியில் வைத்து, பன்னிரண்டு நாள் அளவுகளையும் ஒவ்வொன்றாக வெட்டி, ஒவ்வொரு வெட்டின் பக்கத்திலும் தன் முழுக் கையெழுத்தை வைத்தாள்.