பாய்ச்சிவிட்டுத் திருடியவர்

2019இல் கிணறு வற்றியதால் நைனார்பாளையம் செபாஸ்தியான் நிலத்தை விற்றார். மறுவருஷமே மழை கொட்டிக் கிணறு நிரம்பியது. பிறகு அவர் கூலிக்குப் போன மரவள்ளி ஆலையும் மூடியது. மகள் நான்சியின் நர்சிங் படிப்பு நிற்காமலிருக்க, தன் பழைய கிணற்று மோட்டாரையே திருடப் போனார்.

ஸ்பேனரை எடுத்ததும் மும்முனை கரண்ட் வந்தது. மரவள்ளி வாடிக் கிடந்தது. மனசு கேட்கவில்லை, வயல் முழுக்கப் பாய்ச்சிவிட்டுத்தான் கழற்றத் தொடங்கினார். அதற்குள் நிலத்தை வாங்கிய கொளஞ்சியப்பன் வந்துவிட்டார்.

"இன்னா செபாஸ்தி, மோட்டார கழட்டிக்கினு இருக்க?"

"தண்ணி பாய்ச்சிட்டேங்க."

"மேலண்ட பாத்திக்கு?"

"அதுக்குந்தாங்க."

கொளஞ்சியப்பன் மேற்குப் பாத்தியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் போலீசுக்கு போன் செய்தார்.

ஜாமீனில் வந்த செபாஸ்தியான் இப்போது அதே நிலத்தில் கூலிக்குத் தண்ணீர் கட்டுகிறார். நான்சி சின்னசேலத்தில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறாள்.